மங்கிவரும் அஜந்தா சுவரோவியங்களைப் படியெடுப்பது எப்படி

மகாராஷ்டிரத்தில் வாகோரா ஆறு குதிரைலாட வடிவில் வளைந்தோடும் பள்ளத்தாக்கில் குடையப்பட்ட அஜந்தாக் குகைகள் மொத்தம் 30. அவற்றுள் 9, 10 ஆகிய குகைகளின் பழைய ஓவிய அடுக்கு கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 1, 2, 16, 17 ஆகிய குகைகளில் நாம் வியந்து நிற்கும் ஓவியங்கள் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்டவை. 1819ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்ற அதிகாரி வேட்டைக்குச் சென்ற இடத்தில் இக்குகைகளைக் கண்டதிலிருந்து உலகின் கவனம் அவற்றின்மேல் திரும்பியது. அன்றிலிருந்து இன்றுவரையான இரண்டு நூற்றாண்டுகளில், அதற்கு முந்தைய நீண்ட தனிமையில் நேர்ந்ததைவிட வேகமாக அவை தேய்ந்துள்ளன. மழைநீர்க் கசிவு, வௌவால் எச்சம், பூச்சி அரிப்பு, விளக்குப் புகை, பார்வையாளர்களின் மூச்சு ஈரம் ஆகியவற்றோடு, காக்க வந்தவர்கள் பூசிய வார்னிஷும் இந்தத் தேய்மானத்தில் பங்கு வகித்தது.

சுவரில் உள்ளதை நிறுத்தி வைக்க வேதியியலாளர்கள் உழைக்கிறார்கள். இன்று கண்ணுக்குத் தெரியும் நிலையைத் தாளிலோ துணியிலோ கையால் எழுதி வைப்பது ஓவியரின் வேலை. இந்த வேலையைச் செய்ய விரும்புபவருக்கு, வரையத் தெரிந்திருந்தும் பழைய சுவரோவியத்தைப் படியெடுத்துப் பழகாதவருக்கு, வழிகாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். படியெடுப்பவர் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போன்றவர். கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். காணாததைக் கண்டதாகச் சொல்லக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு கடமையிலிருந்தே பிறக்கிறது.

எவ்வகைப் படி என்பதை முதலில் முடிவு செய்க

சீனாவின் துன்ஹுவாங் அருகே உள்ள மோகாவோ குகைகளில் 1944ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆய்வு நிறுவனத்தின் ஓவியர்கள் படிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். சுவர் இன்று எப்படி உள்ளதோ அப்படியே, விரிசலும் கறையும் உதிர்வும் சேர்த்து எழுதுவது முதல் வகை. அதே ஓவியத்தில் வேறிடத்தில் தெளிவாக எஞ்சியிருக்கும் சான்றைக் கொண்டு குழம்பிய பகுதிகளை மட்டும் ஒழுங்குசெய்து எழுதுவது இரண்டாவது. தீட்டிய நாளில் எப்படி இருந்திருக்கும் என்று ஆய்ந்து முழு நிறத்தோடு மீட்டெழுதுவது மூன்றாவது. இந்தப் பகுப்பு எந்த நாட்டுக் குகைக்கும் பொருந்தும். அஜந்தாவுக்கும் இதையே கைக்கொள்ளலாம்.

புதியவர் முதல் வகையோடு தொடங்குவதே சரி. மூன்றாவது வகை பார்ப்பவரை மயக்கும், கண்காட்சியில் கூட்டம் சேர்க்கும். ஆனால் மற்ற இரண்டையும் கரைகண்ட பிறகே அதில் கைவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1941 முதல் 1943 வரை மோகாவோவில் தங்கிப் படியெடுத்த சாங் தாச்சியென் என்ற புகழ்பெற்ற ஓவியர், மங்கிய நிறங்களைப் பளிச்சென்று மீட்டெழுதினார். அவருடைய படிகள் அந்த ஓவியங்களைச் சீன மக்களிடையே பரவலாக அறியச் செய்தன என்பது உண்மை. ஆயினும் அவற்றில் எந்தக் கோடு சுவருடையது, எந்தக் கோடு ஓவியருடையது என்று பின்னால் வருபவர் பிரித்தறிவது கடினம். எந்த வகையைத் தேர்ந்தாலும் அதைப் படியின் பின்புறம் எழுதி வைக்க வேண்டும். ஒரே படியில் வகைகளைக் கலக்கக் கூடாது. முகத்தை மீட்டெழுதி, உடலை இன்றைய நிலையில் விட்ட படி பார்க்க அழகாக இருந்தாலும் சான்றாகப் பயன்படாது.

சுவரைத் தொடாமல் வேலை செய்க

அஜந்தாக் குகைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. திங்கட்கிழமைகளில் அவை மூடப்பட்டிருக்கும். ஓவியங்களுக்கு முன் ஃபிளாஷ் பயன்படுத்தத் தடை உண்டு. முக்காலி, விளக்கு, வரைபலகை ஆகியவற்றோடு உள்ளே அமர்ந்து வேலை செய்வதற்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். எந்தக் குகையில் எந்தச் சுவரின் எந்தப் பகுதி, என்ன கருவிகள், என்ன ஒளி, படி முடிந்தபின் எங்கே வைக்கப்படும் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடும் விண்ணப்பமே மதிக்கப்படும்.

அனுமதி கிடைத்தாலும் சுவரின்மேல் எதுவும் படக் கூடாது. பழைய நாட்களில் ட்ரேசிங் தாளைச் சுவரிலேயே ஒட்டவைத்துக் கோட்டைப் பின்பற்றினார்கள். மோகாவோவில் ஆய்வு நிறுவனம் அமைந்தபின் இந்த முறை தடைசெய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. அஜந்தாவில் நிறம் சுவரின் ஈரத்துக்குள் ஊறிப் பதிந்ததன்று; உலர்ந்த பூச்சின்மேல் பசை கலந்து தீட்டப்பட்டது. நூற்றாண்டுகளில் அந்தப் பசை வலுவிழந்துவிட்டது. தாளின் ஓரம் உரசினாலும் பென்சில் முனை அழுத்தினாலும் ஒரு செதில் உதிரும். உதிர்ந்த செதிலைத் திரும்ப வைக்க எவராலும் முடியாது.

இன்னொரு பாடம் ஜப்பானிலிருந்து வருகிறது. நாரா அருகே உள்ள ஹோர்யுஜி ஆலயத்தின் பொன்மண்டபம் குகையன்று. ஆயினும் அதன் சுவரோவியங்கள் அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட பௌத்தப் பெருஞ்செல்வம். அவற்றைப் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1949ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று மண்டபம் தீப்பற்றி ஓவியங்கள் கருகின. படியெடுத்த ஓவியர்கள் குளிருக்காகப் பயன்படுத்திய மின்சூட்டு மெத்தை காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. எனவே குகைக்குள் சூடேறும் விளக்கு, திறந்த நீர்ப்பாத்திரம், பசை காய்ச்சும் அடுப்பு எதுவும் வேண்டாம். மின்கலத்தில் இயங்கும், சூடேறாத எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். அதையும் பார்க்கும் நேரத்தில் மட்டும் ஏற்றி, எழுதும்போது அணைத்துவிட வேண்டும். நிறம் தீட்டும் வேலை முழுவதும் வெளியே, பட்டறையில் நடக்க வேண்டும். குகைக்குள் பார்ப்பதும் ஒப்பிடுவதும் குறிப்பெடுப்பதும் மட்டுமே.

முந்தைய படிகளை வாசிக்கும் முறை

சுவருக்கு முன் நிற்பதற்கு முன்பே, அதே பகுதியை முன்பு யார் எப்போது படியெடுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது வேலையில் பாதி. 1844இல் நியமிக்கப்பட்ட ராபர்ட் கில் என்ற ராணுவ அதிகாரி ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரிய கான்வாஸ்களில் எண்ணெய் வண்ணத்தால் படியெடுத்தார். 1872 முதல் 1885 வரை ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களோடு ஏறத்தாழ 300 படிகளை உருவாக்கினார். 1909 முதல் 1911 வரையான இரு குளிர்காலங்களில் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியர் வந்தபோது, நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, கே. வெங்கடப்பா, ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அகமது ஆகியோர் அவருடன் பணியாற்றினார்கள். பின்னாளில் இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றியவர்கள் இவர்களுள் இருந்தார்கள் என்பதை இவ்வேலையில் இறங்குபவர் எண்ணிப் பார்க்கலாம். படியெடுத்தல் அடிமைத் தொழில் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கைகளே விடை. ஐதராபாத் அரசின் தொல்லியல் துறையை நடத்திய குலாம் யஸ்தானியின் மேற்பார்வையில் 1930 முதல் 1955 வரை வெளிவந்த புகைப்படத் தொகுதிகள் அடுத்த சான்று.

இவற்றை ஒன்றோடொன்று வைத்து வாசிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரு பழைய படியில் இருக்கும் விரல் இன்றைய சுவரில் இல்லையென்றால், அந்த விரல் அப்போது இருந்ததா, ஓவியர் கற்பனையால் சேர்த்ததா என்பது. வெவ்வேறு காலத்து இரு படிகள் தமக்குள் ஒத்திருந்து, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படவில்லை என்றும் தெரிந்தால், விரல் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஒரே ஒரு எண்ணெய்ப் படியில் மட்டும் இருந்தால் அதை ஐயத்துக்குரியதாகவே வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயிற்சி பெற்ற கை, முகத்தைச் சற்றுத் திரட்டியும் நிழலை ஒரு பக்கமாகச் சேர்த்தும் எழுதிவிடும். கோட்டால் உருவான அஜந்தா முகம் அங்கே எண்ணெய் வண்ண உருவப்படத்தின் முகமாகச் சாய்வதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

இரண்டாவது, நிறத்தை நம்புவது பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் படியெடுக்க வந்தவர்கள் நிறம் துலங்கட்டும் என்று சுவரின் மேலேயே வார்னிஷ் பூசினார்கள். 1920 முதல் 1922 வரை நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர் லொரென்சோ செக்கோனி உதிரும் ஓவியங்களை நிலைநிறுத்த ஷெல்லாக் அரக்கைப் பயன்படுத்தினார். அன்றைய அறிவுக்கு அது உயர்ந்த முறையே. அந்த அரக்கு காலப்போக்கில் பழுத்து மஞ்சளாகி, தூசியையும் புகையையும் பிடித்துக்கொண்டு நிறங்களின்மேல் தேன்நிறத் திரையாகப் படிந்தது. பின்னாளில் தொல்லியல் துறை பல இடங்களில் அதை மெல்ல நீக்கியது. ஆகவே 1930களின் படத்தில் பழுப்பாகத் தெரியும் வெள்ளை உண்மையில் வெள்ளையாகவே இருக்கலாம். நிறத்துக்குச் சுவரே சான்று. பழைய படிகளை வடிவத்துக்கு மட்டும் சான்றாகக் கொள்வது பாதுகாப்பானது.

அளவெடுத்தலும் வரைவும்

சுவருக்கு நேர்செங்குத்தாக நின்று, அளவுகோலும் நிற ஒப்பீட்டு அட்டையும் படத்துக்குள் தெரியும்படி, ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் மூன்றில் ஒரு பங்கு படியுமாறு பகுதி பகுதியாகப் புகைப்படம் எடுக்க வேண்டும். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். படங்களைக் கணினியில் இணைத்து, உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டு, 10 செ.மீ. கட்டம் போட்டுக்கொள்க. ட்ரேசிங் இந்த அச்சுத்தாளின் மீது நடக்கும். சுவரின் மீது அன்று.

எழுதிய வரைவை எடுத்துக்கொண்டு மீண்டும் குகைக்குச் சென்று கோடு கோடாகச் சரிபார்க்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிடுபவர்களே மிகுதி, பிழைகளும் இங்கிருந்தே வருகின்றன. புகைப்படத்தில் இருண்ட கோடாகத் தெரிவது சுவரில் ஒரு மயிரிழை விரிசலாக இருக்கும். கறை என்று விட்டது கழுத்தணியின் நிழலாக இருக்கும். கேமரா இவற்றைப் பிரித்தறியாது. பக்கவாட்டில் மெல்லிய ஒளியைச் சாய்த்துப் பார்த்தால் விரிசலுக்கு ஆழம் தெரியும், தீட்டிய கோட்டுக்குத் தெரியாது. துல்லியமான டிஜிட்டல் பதிவு கிடைக்கும் இக்காலத்தில் கையால் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான். கருவி சுவரை அளக்கிறது. ஓவியரின் கண் எது வரையப்பட்டது, எது நேர்ந்தது என்று வாசிக்கிறது. இரண்டும் வேண்டும்.

குடைந்த சுவர் தட்டையாக இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தூண்களும் வளைமுகப்புகளும் இருக்கும் இடங்களில் தூக்குக்குண்டு நூலைச் சுவரிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, அதிலிருந்து இடவலத் தொலைவுகளைக் கண்ணால் ஒப்பிட்டுக் குறிப்பதே எளிய வழி.

கோடு

அஜந்தாவின் உயிர் கோட்டில் இருக்கிறது. அக்கால ஓவியர் வெண்பூச்சின்மேல் முதலில் செங்காவியால் உருவத்தைக் குறித்தார், பின் நிறங்களை நிரப்பினார், இறுதியில் பழுப்பு, அடர்சிவப்பு அல்லது கருப்புக் கோட்டால் உருவத்தை முடித்தார். நிறம் உதிர்ந்த சில இடங்களில் அந்த முதல் காவிக்கோடு வெளியே தெரிகிறது. இறுதிக்கோடு அதிலிருந்து சற்று விலகிச் செல்வதும் உண்டு. படியில் இரண்டையும் அவற்றின் இடத்திலேயே காட்ட வேண்டும். ஓவியர் மனம் மாறிய தடம் அது. சீர்செய்து ஒன்றாக்கினால் மிக அரிய செய்தி ஒன்று அழிந்துவிடும்.

1ஆம் குகையின் பின்சுவரில், கருவறைக்குச் செல்லும் வாயிலின் இடப்புறம் தாமரை ஏந்தி நிற்கும் போதிசத்துவரான பத்மபாணியை எடுத்துக்கொள்வோம். தாழ்ந்த இமைகள், வில்லாக வளைந்த புருவங்கள், வலக்கையில் மென்மையாகப் பிடித்த நீலத் தாமரை. புருவத்தின் கோடு மூக்கின் தொடக்கத்தில் மெலிதாகப் பிறந்து, வளைவின் உச்சியில் பருத்து, காதுப்பக்கம் மயிரிழையாகித் தேய்ந்து முடிகிறது. அதை இரண்டு மூன்று துண்டுகளாக எழுதி ஒட்டவைத்தால் அளவு சரியாக இருக்கும், முகம் இறந்துவிடும். ஒரே மூச்சில், மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையும் தோளும் நகரும்படி எழுத வேண்டும். தாமரைத் தண்டைப் பிடித்த விரல்களில் இதற்கு நேர்மாறான கை தேவை. அங்கே விரல் நுனிகளில் கோடு சட்டென்று திரும்புகிறது. நகத்தருகே அழுத்தம் குறைகிறது.

இதற்குப் பயிற்சி தனியே வேண்டும். ட்ரேசிங் தாளில் பென்சிலால் எடுத்த கோட்டை நேரே படியில் ஏற்றிவிடாமல், சாதாரணத் தாளில் தூரிகையால் அந்தக் கோட்டையே பலமுறை எழுதி, தொடக்கம், பருமன், வேகம், முடிவு நான்கும் கைக்குப் பழகிய பின்னரே படிக்குச் செல்ல வேண்டும். நீண்ட நுனியும் நல்ல நீர்ப்பிடிப்பும் உள்ள வட்டத் தூரிகை சிறந்தது. கீரி முடித் தூரிகை இன்னும் சில இடங்களில் விலைக்கு வருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வணிகம் குற்றமாகும். தரமான செயற்கை இழைத் தூரிகைகள் இந்த வேலைக்குப் போதுமானவை.

வரைவைப் படியின் தளத்துக்கு மாற்ற, தாளின் பின்புறம் செங்காவிப் பொடியைத் தேய்த்து முன்புறம் மழுங்கிய முனையால் கோட்டைப் பின்பற்றலாம். பெரிய பரப்புக்கு, கோட்டின் மீது ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, கரிப்பொடி கட்டிய துணிமுடிச்சால் தட்டுவது விரைவு. எதுவாயினும் மாற்றிய தடம் மங்கலாக இருக்க வேண்டும். அது வழித்துணை மட்டுமே. கோட்டைத் தூரிகை புதிதாக எழுத வேண்டும்.

தளமும் நிறமும்

அஜந்தாவில் கரடுமுரடான கருங்கற் சுவரின்மேல், இரும்புச்சத்துள்ள மண்ணோடு மணல், உமி, தாவர நார் ஆகியவை கலந்த காரையைப் பூசி, அதன்மேல் நுண்ணிய மண்பூச்சு தந்து, கடைசியில் மெல்லிய வெண்பூச்சு இட்டார்கள். சிறு பகுதியைப் படியெடுக்கும்போது இதே அமைப்பில் மண்தளம் செய்வது மிகப் பயனுள்ளது. சணல் துணி ஒட்டிய பலகையில், சலித்த களிமண்ணோடு மணலும் சில நாள் ஊறவைத்த உமியும் நறுக்கிய நாரும் பிசைந்து, சில மி.மீ. கனத்துக்குப் பூசி, நிழலில் மெல்ல உலரவிட வேண்டும். வெடித்தால் மணல் போதவில்லை. விரலோடு பொடியாக வந்தால் களிமண் போதவில்லை. பெரிய படிக்கு மண்தளம் கனக்கும், பயணத்தில் உடையும். அதற்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி போதும்.

துணிக்கு, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசையை ஒரு லிட்டர் நீருக்கு 70 கிராம் வீதம் இரவு முழுதும் ஊறவைத்து, வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் கரைக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பசை வலுவிழக்கும். முதலில் பசைநீரை மட்டும் பூசி உலர்த்தி, பிறகு அதே பசைநீரில் வெண்களிமண்ணோ சுண்ணப்பொடியோ கலந்து, தண்ணீராக ஓடும் பதத்தில் நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காகப் பூச வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாகப் பூசிய தளம் சுருட்டும்போது வெடிக்கும்.

அஜந்தாவின் நிறத்தட்டு சிறியது. செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குப் புகைக்கரி, சுண்ணமும் வெண்களிமண்ணும் தரும் வெள்ளை, இவற்றோடு இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற கல்லின் நீலம். 9, 10ஆம் குகைகளின் பழைய அடுக்கில் நீலம் கிடையாது. பிற்கால ஓவியங்களிலேயே அது ஒளிர்கிறது. 10ஆம் குகையில் இரு காலத்து ஓவியங்களும் இருப்பதால், அங்கே படியெடுப்பவர் தாம் எந்த அடுக்கின் முன் நிற்கிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நிழலில் நீலம்போல் தோன்றும் சாம்பல், கரியும் வெள்ளையும் கலந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

படிக்கும் மண்நிறங்களையே பயன்படுத்துக. இதற்குப் பழமைப் பற்று காரணமன்று. வேறு நிறப்பொருள்களால் ஒரு ஒளியில் பொருத்திய நிறம், மற்றொரு ஒளியில் விலகித் தெரியும். அதே வகை மண்ணால் பொருத்தியது குகை விளக்கிலும் பகல் வெளிச்சத்திலும் பெருமளவு ஒத்துச் செல்லும். பொடியைக் கண்ணாடிப் பலகையில் நீர்விட்டு விழுதாக அரைத்து, கருவேலம் பிசின் கரைசலைச் சேர்க்க வேண்டும்; ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் அளவில் கரைத்து வடிகட்டிய கரைசல் ஏற்றது. உலர்ந்தபின் விரலால் தேய்த்தால் பொடி ஒட்டினால் பிசின் குறைவு, பளபளத்தால் மிகுதி. அரைக்கும்போது முகக்கவசம் அணிக. லாபிஸ் கிடைக்காத இடத்தில் செயற்கை அல்ட்ராமரின் நீலம் பொருந்தும். ஆயினும் அது மிகத் தூய்மையாகவும் ஊதா சாய்ந்தும் இருப்பதால், துளி மஞ்சட்காவியும் சற்றே வெள்ளையும் சேர்த்து அடக்க வேண்டும்.

நிறம் பொருத்துவதற்கு அட்டைத் துண்டுகளில் ஒவ்வொரு கலவையையும் தீட்டி, பின்னால் விகிதத்தை எழுதி, முழுவதும் உலர்ந்தபின் குகைக்குக் கொண்டுசென்று, சுவரிலிருந்து ஒரு கை தொலைவில் பிடித்து ஒப்பிட வேண்டும். பிசின் கலந்த மண்நிறம் ஈரத்தில் இருண்டும் உலர்ந்தபின் வெளுத்தும் தெரியும் என்பதால் ஈரத் துண்டை ஒப்பிடுவது வீண். ஒரு நிறத்துக்கு ஒரு துண்டு போதாது. அதே செங்காவி சுவரின் மேற்பகுதியில் ஒரு விதமாகவும், கைகள் எட்டித் தேய்ந்த கீழ்ப்பகுதியில் வேறு விதமாகவும் இருக்கும்.

உடலின் திரட்சியை அஜந்தா ஓவியர்கள் ஒரு பக்க ஒளியால் காட்டவில்லை. விளிம்பருகே நிறத்தை ஆழப்படுத்தி, நடுவில் வெளிறவிட்டு, மூக்குத்தண்டு, கீழுதடு, மோவாய் போன்ற மேடுகளில் வெள்ளைத் தீற்றல் வைத்தார்கள். விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய வடமொழி நூலில் ஓவியத்தைப் பற்றிய பகுதியான சித்திரசூத்திரம் பத்ரஜம், ஐரிகம், பிந்துஜம் என்று சொல்லும் மூவகை நிழலிடல், அதாவது இலைநரம்பு போன்ற கோடுகள், மென்கோடுகளின் நெருக்கம், புள்ளிகள், இங்கே கண்கூடு. படியெடுப்பவர் நிறத்தை ஈரத்தில் குழைத்து மங்கவைப்பதை விட்டு, சுவரில் எந்த முறை தெரிகிறதோ அதையே கையாள வேண்டும். வெள்ளைத் தீற்றல்கள் கடைசியாக ஏற்றப்பட்டவை என்பதால் முதலில் உதிர்ந்தவையும் அவையே. இல்லாத இடத்தில் அவற்றை வைக்க எழும் ஆசை மிக வலியது. வைக்கக் கூடாது.

இழப்பை எழுதுதல்

ஓவியம் உதிர்ந்து காரை தெரியும் இடத்தை எப்படித் தீட்டுவது என்பது தொடக்கத்திலேயே தீர்க்க வேண்டிய கேள்வி. கரடுமுரடாகத் திட்டுத்திட்டாகத் தீட்டி, பழமையை நாடகமாக்குவது கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். உதிர்வின் எல்லையைத் துல்லியமாக எழுதி, உட்புறத்தை அந்தக் காரையின் சராசரி மண்நிறத்தால் சமமாக நிரப்புவது நேர்மையானது. உருவம் தானாகவே முன்னே வரும். பிற்காலத்தில் பழுதுபார்த்து அடைத்த பகுதியை உதிர்வோடு சேர்க்காமல், சற்றே மாறுபட்ட சாம்பல் சாயலில் பிரித்துக் காட்டலாம்.

ஐயமுள்ள கோடுகளைப் படியின்மேல் முழுக்கோடாக எழுதலாகாது. இதற்கு ஒரு தனி ஒளிபுகு தாளைப் படியின் அளவுக்கே வெட்டி, அதில் உறுதியான கோட்டைக் கருப்பாலும், ஐயமான கோட்டைப் புள்ளிக்கோடாலும், பழைய படிகளில் மட்டும் காணப்படும் கோட்டைச் சிவப்பாலும், விரிசலை நீலத்தாலும் குறித்து வைப்பது சிறந்த ஏற்பாடு. 16ஆம் குகையில் புத்தரின் தம்பி நந்தனின் மனைவி சுந்தரி துயரால் மயங்கிச் சரியும் காட்சி போன்ற இடங்களில், புகழின் காரணமாக எல்லோருக்கும் முழு உருவமும் மனத்தில் இருக்கும். மனத்தில் இருப்பதைக் கை தன்னையறியாமல் எழுதிவிடாமல் தடுப்பது இந்தத் தாள்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை எங்கே கண்டோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள நேர்கிறது.

முதன்முறை படியெடுப்பவர் பத்மபாணியிலோ சுந்தரியிலோ தொடங்க வேண்டாம். 1, 2ஆம் குகைகளின் விதானங்களில் கட்டங்களாகப் பிரித்து எழுதிய தாமரைக் கொடிகளும் பழங்களும் அன்னங்களும் நல்ல பாடசாலை. ஒரே கருவடிவம் மீண்டும் மீண்டும் வருவதால், ஒன்றில் அழிந்ததை மற்றொன்றில் காணலாம். இரண்டாம் வகைப் படிக்குத் தேவையான தர்க்கம் அங்கே இயல்பாகக் கைவரும். அண்ணாந்து பார்த்து வேலை செய்வது கழுத்துக்குக் கடினம் என்பதால், அடிக்கடி ஓய்வெடுப்பதோ ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்ப்பதோ நல்லது. கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் என்பதை மறவாமல் குறிப்பில் திருத்திக்கொள்ள வேண்டும்.

காத்துவைத்தல்

முடிந்த படியின்மேல் வார்னிஷ் பூச வேண்டாம். மண்நிறத்தின் மங்கல் தன்மை அதன் இயல்பு. வார்னிஷ் அதை இருட்டாக்குவதோடு, சுவருக்கு நேர்ந்த அதே மஞ்சள் திரையைப் படிக்கும் கொண்டுவரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும்போது நிறப்பரப்பைக் கண்ணாடி தொடாதபடி ஓரத்தில் அட்டை இடைவெளி விடுக. துணிப்படியைச் சுருட்ட நேர்ந்தால் அகன்ற உருளையில், நிறமுள்ள பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்ட வேண்டும். உட்புறமாகச் சுருட்டினால் நிறப்படலம் நசுங்கி நொறுங்கும். வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவில் இருப்பது விரும்பத்தக்கது. ஈரப்பதம் ஏறி இறங்காமல் நிலையாக இருப்பது அதைவிட முக்கியம்.

ஒரே இடத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அஜந்தாப் படிகளின் வரலாறே கசப்போடு சொல்கிறது. கில்லின் படிகளில் பெரும்பாலானவை 1866 டிசம்பரில் லண்டனை அடுத்த சிடனம் படிக மாளிகைத் தீயில் அழிந்தன. கிரிஃபித்ஸ் குழுவினரின் படிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 1885இல் லண்டன் தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகத் தீயில் போயிற்று. 1910களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவும் துணைவர்களும் அரும்பாடுபட்டு எடுத்துச்சென்ற படிகளை 1923ஆம் ஆண்டு கான்டோ பெருநிலநடுக்கத்தின் தீ விழுங்கியது. படியெடுத்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. எத்தனையோ படிகள்தாம் இல்லை. எனவே முடிந்த ஒவ்வொரு படியையும் உயர் துல்லியத்தில் ஸ்கேன் செய்து, கோப்பையும் ஒளிபுகு தாளையும் மூலப்படியையும் வெவ்வேறு கட்டடங்களில் வைக்க வேண்டும்.

படியின் பின்புறம் எழுத வேண்டியவை குகை எண், சுவர், தரையிலிருந்து உயரம், படியெடுத்த மாதமும் ஆண்டும், எவ்வகைப் படி, எந்த ஒளியில் ஒப்பிடப்பட்டது, நிறப்பொருள்களும் பசையும், ஒப்பிட்ட பழைய படிகள், சரிபார்த்தவர் என்பவை ஆகும். நிற அட்டைத் துண்டுகளை ஒரு உறையிலிட்டு, ஒளிபடாமல் படியோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்னாளில் படியின் நிறமே சற்று மாறினாலும், இருட்டில் கிடந்த அந்தத் துண்டுகளைக் கொண்டு மாற்றத்தை அளந்துகொள்ளலாம். சில ஆண்டுகள் கழித்து அதே 10 செ.மீ. கட்டங்களோடு மீண்டும் சுவரின் முன் நின்று, எந்தக் கட்டத்தில் புதிய உதிர்வு தோன்றியிருக்கிறது என்று ஒளிபுகு தாளில் தேதியோடு குறித்து, தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பிரிவுக்கு அதன் நகலை அனுப்புவதையும் இந்த வேலையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.